மழைத் தவளையின் முகவரி: தரங்கம்பாடி ஜாடியில் இருந்து ஜவ்வாது மலை வரை

1/ ஜவ்வாது மலையில் நான் வேலை பார்த்த காலம். ஒரு அக்டோபர் ராத்திரி, நல்ல மழை, கரண்ட் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து வராந்தாவில் ஒரு பெரியவர் உள்ளங்கையில் ஒரு தவளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தவளையோட பெயர்க் கதைதான் இன்றைய த்ரெட். 225 வருஷக் கதை, அதனால கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

2/ பெரியவரோட மருமகளுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். தலைவலி, உடம்பு வலி, நாக்கில் வெள்ளை படிஞ்சிருந்தது. நான் டைஃபாய்டுன்னு முடிவு பண்ணி ஊசி ஆரம்பிச்சு ரெண்டு நாள் ஆச்சு. காய்ச்சல் அசையவே இல்லை. எனக்குள்ள ஒரு பயம். வெளியே காத்து வாங்கலாம்னு வந்தப்போதான் பெரியவரையும் தவளையையும் பார்த்தேன்.

3/ உருண்டையான தவளை. தலை குட்டை, கால் குட்டை, ஈரக் களிமண்ணைப் பிடிச்சு உருட்டி வச்ச மாதிரி இருந்துச்சு. "என்ன தவளைங்க ஐயா இது?"ன்னு கேட்டேன். "மழைத்தவளை டாக்டரம்மா. மண்ணுக்குள்ளயே கிடக்கும். மழை விழுந்தாத்தான் மேல வரும்"னு சொன்னார்.

4/ பின்னங்காலைத் திருப்பிக் காட்டினார். அடியில், உள்பக்கமா, நகம் மாதிரி கெட்டியா ஒரு மேடு. "இதான் இவனுக்கு மம்பட்டி." வராந்தா ஓரத்து ஈர மண்ணில் விட்டார். தவளை முன்னால போகலை. இருந்த இடத்திலேயே பின்னங்காலால் மண்ணைத் தள்ளி, லேசா சுத்திச் சுத்தி, பின்பக்கமாவே இறங்குச்சு. கொஞ்ச நேரத்தில் மூக்கு மட்டும் தெரிஞ்சது. அப்புறம் அதுவும் இல்லை.

5/ பெரியவர் இன்னொண்ணும் சொன்னார். "எங்க அப்பா காலத்துல சாமைக்கு ஏர் ஓட்டினா சாலுக்கு ஒண்ணு கிளம்பும். இப்ப வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு கண்ணுல பட்டா அதிகம்." அன்னைக்கு அதைச் சும்மா கேட்டுக்கிட்டேன். அந்த வார்த்தையோட கனம் எனக்குப் புரிய பல வருஷம் ஆச்சு.

6/ முதலில் தவளையை அறிமுகப்படுத்திடறேன். அறிவியல் பேரினம் ஸ்ஃபெரோதீகா. பேரினம்னா குடும்பப் பெயர் மாதிரி, சிற்றினம்னா ஆளோட சொந்தப் பெயர் மாதிரி. தெற்காசியாவில் மட்டும் வாழ்கிற, குழி தோண்டும் தவளைக் கூட்டம் இது. வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்கடியில் ஈரத்தைத் தேடிப் பதுங்கிக் கிடக்கும். முதல் கனமழையில் வெளியே வரும். தேங்கின குட்டையில் ஆண் தவளைகள் கத்தும், இணை சேரும், முட்டை போடும். குட்டை காயறதுக்குள்ள தலைப்பிரட்டைக்குக் கால் முளைச்சாகணும். தாமதிச்சா சாவு.

7/ நம்ம ஆளுங்களுக்கு இந்தப் பழக்கம் ரொம்பக் காலமாத் தெரியும். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான பழமொழி நானூறில், மணலுக்குள் மூழ்கி மறைஞ்சு கிடக்கிற நுணல் தன் சத்தத்தாலேயே மாட்டிக்கும்னு ஒரு உவமை வருது. நுணல்னா தவளை. வாயைக் கொடுத்து மாட்டிக்கிறவனைச் சொல்ல இன்னைக்கும் அந்தப் பழமொழியைப் பயன்படுத்தறோம். கவனிங்க, அது குளத்துத் தவளை இல்லை. மண்ணுக்குள் ஒளியற தவளை.

8/ ஆனா அறிவியல் பெயர் கிடைச்ச கதை மணலில் ஆரம்பிக்கலை. கடற்கரையில் ஆரம்பிக்குது. தரங்கம்பாடி அப்போ டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. 1771-ல் அங்கே வந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்கிற மதபோதகருக்கு மீன், பாம்பு, சிப்பி, செடி எல்லாத்திலும் ஆர்வம். சேகரிச்சதைச் சாராயத்தில் ஊறப்போட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேத்தினார்.

9/ அவர் பெயர் இன்னைக்கும் நம்ம ஊர் உயிரினங்கள் மேல ஒட்டிக்கிட்டு இருக்கு. இரட்டைத்தலைன்னு கதை கட்டி, லட்சக்கணக்கில் விலை பேசி ஏமாத்தறாங்களே, அந்த மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானி. அந்த ஜான் இவர்தான். 1801-ல் பெயர் வச்சவர் பாட்ரிக் ரஸ்ஸல், ஒரு டாக்டர். கண்ணாடி விரியனை ஆங்கிலத்தில் ரஸ்ஸல்ஸ் வைப்பர்னு சொல்றது இவர் நினைவாகத்தான்.

10/ ஜான் அனுப்பின சேகரிப்பு பெர்லினில் யார் கைக்குப் போச்சு? மார்கஸ் எலியேசர் ப்ளோக். இவரும் டாக்டர்தான்! பெர்லினில் மருத்துவம் பார்த்த யூதர். ஐம்பது வயசை ஒட்டித்தான் மீன் ஆராய்ச்சியில் இறங்கினார். 1782 முதல் 1795 வரை 12 பாகத்தில் மீன்களைப் பற்றி எழுதித் தள்ளினார். மீன் ஜாடிகளோடு தவளை ஜாடிகளும் அவர் அலமாரியில் சேர்ந்தது.

11/ 1799-ல் ப்ளோக் இறந்தார். அதே வருஷம் யோஹான் கோட்லோப் ஷ்னைடர் நீர்நில வாழ்வன பற்றி லத்தீனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இவர் டாக்டர் இல்லை, கிரேக்க மொழிப் பண்டிதர். கிரேக்க-ஜெர்மன் அகராதி தொகுத்தவர். ப்ளோக்கின் ஜாடிகளைப் பார்த்து, இந்தியா பக்கம் காலே வைக்காமல், நம்ம தவளைகளுக்குப் பெயர் வச்சார்.

12/ அந்த ஒரே புத்தகத்தில் மூணு பேர் உலகத்துக்கு அறிமுகம். நம்ம குளத்தில் தண்ணி மேல தத்திப் போகிற தவளை. வீட்டு வாசல் விளக்கடியில் பூச்சி பிடிக்கிற சொறித்தேரை. அப்புறம் குட்டைத் தலைக்காரன், ரானா பிரெவிசெப்ஸ். பிரெவிசெப்ஸ்னா லத்தீனில் குட்டைத் தலை. அந்த மூணாவது ஆள்தான் நம்ம மழைத்தவளை. அது தரங்கம்பாடியில் இருந்து போனதுன்னு பிற்கால ஆய்வாளர்கள் குறிக்கிறாங்க.

13/ இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. மண்ணுக்குள் ஒளியற தவளையைப் பிடிக்கணும்னா எங்கே, எப்போ வரும்னு தெரிஞ்ச உள்ளூர்க்காரர் வேணும். பெயருக்குப் பின்னால் "ஷ்னைடர், 1799"னு நிக்குது. அந்த முறையில் பெயர் வச்சவருக்கு மட்டும்தான் இடம். மழையில் நனைஞ்சு பிடிச்சவருக்கு இடம் கிடையாது. ப்ரிஸ்கிரிப்ஷனில் டாக்டர் கையெழுத்து மட்டும் இருக்கும், ராத்திரி முழுக்கக் கண் விழிச்ச நர்ஸ் பெயர் இருக்காது இல்லையா? அதே கதை.

14/ ரானா என்பது அந்தக் காலத்தில் ஒரு பெரிய மூட்டை. வால் இல்லாம, ஈரத்தோலோட, குதிச்சாப் போதும், உள்ளே போட்டுடுவாங்க. என் தலைமுறை விலங்கியல் ரெக்கார்டு நோட்டில்கூட ரானா ஹெக்சடாக்டைலான்னுதான் படம் வரைஞ்சோம். இன்றைய கணக்குப்படி தமிழ்நாட்டில் ரானா பேரினத் தவளை ஒண்ணுகூட இல்லை. அத்தனை பேருக்கும் முகவரி மாறிப்போச்சு.

15/ அடுத்து மெட்ராஸ். தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன், கம்பெனி ராணுவத்தில் உதவி சர்ஜன். எடின்பரோவில் மருத்துவம் படிச்சவர். பகலில் சிப்பாய்களுக்கு வைத்தியம், மீதி நேரமெல்லாம் பறவையும் பாம்பும். இந்தியப் பறவைகள் பற்றி அவர் எழுதின நூல்கள் ரொம்பப் பிரபலம். 1853-ல் தீபகற்ப இந்தியாவின் ஊர்வன பட்டியல் ஒண்ணு வெளியிட்டார். அதில் நம்ம குழி தோண்டும் தவளைக்கு அவர் வச்ச பெயர் பிக்சிசெஃபாலஸ் புளுவியாலிஸ்.

16/ புளுவியாலிஸ்னா லத்தீனில் மழைக்குரியது. மழைத்தவளை! இதைப் படிச்சப்போ எனக்கு வராந்தாப் பெரியவர் ஞாபகம் வந்துடுச்சு. பெயர் சரி. ஆனா குடும்பப் பெயரைப் பாருங்க. பிக்சிசெஃபாலஸ் என்பது ஆப்பிரிக்கப் பெருந்தவளையின் பேரினம். பருத்த உடம்பு, மண் தோண்டும் கால், ரெண்டும் ஒரே மாதிரி. அதனால ஒரே சொந்தம்னு ஜெர்டன் முடிவு பண்ணிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அறிகுறியை வச்சு நோய்க்குப் பெயர் வைக்கிறதைத்தான் அந்தக் காலத்து டாக்டர்கள் எல்லாரும் செஞ்சாங்க.

17/ உதாரணம் சொல்றேன். டைஃபஸ், டைஃபாய்டு ரெண்டும் ஒரே நோய்னு நெடுங்காலம் நினைச்சாங்க. ரெண்டிலும் நீடிச்ச காய்ச்சல், மயக்க நிலை, உடம்பில் தடிப்பு. டைஃபாய்டுங்கற வார்த்தைக்கே "டைஃபஸ் போன்றது"ன்னுதான் அர்த்தம். 1837-ல் அமெரிக்காவில் ஜெர்ஹார்ட், 1850 வாக்கில் லண்டனில் வில்லியம் ஜென்னர், இறந்தவர்களின் குடலைத் திறந்து பார்த்து ரெண்டும் வேற வேறன்னு காட்டினாங்க. டைஃபாய்டில் குடலில் புண் இருக்கும், டைஃபஸில் இருக்காது. ஜெர்டன் தவளைக்குப் பெயர் வச்சதும் இதே காலம்தான்.

18/ இப்போ என் தப்பைச் சொல்றேன். அன்னைக்கு ராத்திரி மழை விட்ட பிறகு எங்க நர்ஸக்கா அந்தப் பொண்ணுக்கு உடம்பு துடைச்சுவிட்டாங்க. "மேடம், கொஞ்சம் வாங்க"ன்னு கூப்பிட்டாங்க. அக்குளுக்குக் கீழே, சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. ஸ்க்ரப் டைஃபஸ். புதரில் இருக்கிற உண்ணி மாதிரியான சின்னப் பூச்சி கடிச்சு வர்ற நோய். நான் ரெண்டு நாள் தப்பான பெயரை வச்சுக்கிட்டு, அதுக்கு வேலை செய்யாத மருந்தைக் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

19/ டாக்சிசைக்ளின் ஆரம்பிச்சோம். ரெண்டு நாளில் காய்ச்சல் இறங்கிடுச்சு. அந்தப் பொண்ணு பிழைச்சுக்கிட்டா. ஆனா அந்தப் பொருக்கைப் பார்க்காம விட்டிருந்தா? பெயர் வைக்கிறது வெறும் ஏட்டுச் சமாச்சாரம் இல்லைன்னு அன்னைக்குக் கத்துக்கிட்டேன். தப்பான பெயர்னா தப்பான மருந்து. மழை முடிஞ்ச மாசங்களில் விடாத காய்ச்சலோட யார் வந்தாலும், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் தேடுங்கன்னு இன்னைக்கு வரைக்கும் என் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

20/ தவளைக்கு வருவோம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆல்பர்ட் குந்தர்னு ஒரு ஜெர்மானியர். இவரும் மருத்துவம் படிச்சவர்! 1858-ன்னு தேதி போட்டு மறுவருஷம் வெளிவந்த தவளைப் பட்டியலில், இந்தியாவில் இருந்து போன ஒரு குழித்தவளைக்குப் புதுப் பேரினமே உருவாக்கினார். அதுதான் ஸ்ஃபெரோதீகா. கிரேக்கத்தில் ஸ்ஃபைரா உருண்டை, தீகே உறை. ஆப்பிரிக்கா, ஐரோப்பா எதோடவும் சேர்க்காம தனிப் பெயர் கிடைச்ச முதல் தடவை.

21/ அது ரொம்ப நாள் நிலைக்கலை. அதே அருங்காட்சியகத்துக்கு அப்புறம் வந்தவர் ஜார்ஜ் பூலாஞ்சே, பெல்ஜியத்தில் பிறந்தவர். வாழ்நாளில் 2,000-க்கும் மேற்பட்ட மீன், தவளை, ஊர்வனவற்றுக்குப் பெயர் வச்சவர். 1882 பட்டியலில் நம்ம ஆளைத் திரும்ப ரானா மூட்டையில் போட்டார். 1890-ல் பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசை நூலிலும் ரானா பிரெவிசெப்ஸ்தான். அவர் சொன்னா அப்பீல் இல்லைங்கற காலம் அது.

22/ அதே 1882-ல் மங்களூர்ப் பக்கத்துக் குழித்தவளை ஒண்ணுக்கு ரானா டாப்சோனியைன்னு பூலாஞ்சே பெயர் வச்சார். யார் அந்த டாப்சன்? வௌவால் ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ராணுவ சர்ஜன். மறுபடியும் டாக்டர்! இந்தக் கதையில் டாக்டர்கள் ஏன் இவ்வளவு பேர்னு கேட்டா, காரணம் எளிமை. அந்தக் காலத்தில் உடம்பை அறுத்துப் பார்த்து எழுதத் தெரிஞ்சவங்க, ஊர் ஊரா மாற்றலாகிப் போனவங்க, பெரும்பாலும் அவங்கதான்.

23/ 20-ஆம் நூற்றாண்டில் இன்னொரு இடமாற்றம். 1920-ல் பூலாஞ்சேயே தன் பெரிய ஆய்வு நூலில் குழித்தவளைகளை ரானாவுக்குள் டோமோப்டெர்னாங்கற உட்பிரிவில் வச்சார். டோமோப்டெர்னா 1841-ல் தென்னாப்பிரிக்கத் தவளைக்கு வச்ச பெயர். கிரேக்கத்தில் "வெட்டும் குதிகால்"னு அர்த்தம், அதாவது நம்ம பெரியவர் சொன்ன மம்பட்டி. பிறகு அதுவே தனிப் பேரினமா மாறி, இந்தியத் தவளையும் ஆப்பிரிக்கத் தவளையும் மடகாஸ்கர் தவளை ஒண்ணும் ஒரே வீட்டில் குடியிருந்தாங்க.

24/ கேட்க அழகா இருக்கும். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா மூணும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலம். அதனால தவளையும் ஒண்ணுதான்னு கதை கச்சிதமா உட்காருது. கச்சிதமா உட்காருற கதையைத்தான் ஒரு டாக்டர் ரெண்டாவது தடவை சந்தேகப்படணும். என் டைஃபாய்டு கதையும் அன்னைக்குக் கச்சிதமாத்தான் இருந்தது.

25/ சந்தேகப்பட்டவர்களில் முக்கியமானவர் பாரிஸ் அருங்காட்சியகத்தின் அலைன் துபுவா. 1980-களில் ஆசியத் தவளைகளுக்கு ஸ்ஃபெரோதீகாங்கற பழைய பெயரைத் திரும்ப எழுப்பினார். 1983-ல் இலங்கையின் குருணாகலில் இருந்து ரோலாண்டேன்னு ஒரு சிற்றினத்தையும் விவரிச்சார். பிறகு அதை இந்தியாவிலும் பதிவு செஞ்சாங்க. குந்தரின் பெயர் சுமார் நூறு வருஷத் தூக்கம் கலைஞ்சு எழுந்தது.

26/ கடைசித் தீர்ப்பு 2000-ல் வந்தது. தவளை செல்லில், அம்மா வழியா மட்டும் வர்ற மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.-வை ஒப்பிட்டாங்க. முடிவு? ஆப்பிரிக்க டோமோப்டெர்னா ஒரு குடும்பம். மடகாஸ்கர் தவளை வேற குடும்பம், இப்போ அதுக்கு லாலியோஸ்டோமான்னு பெயர். நம்ம ஸ்ஃபெரோதீகா மூணாவது குடும்பம். மூணுக்கும் நடுவில் நெருங்கின உறவே இல்லை.

27/ அப்போ ஏன் ஒரே ஜாடை? வாழ்க்கை ஒரே மாதிரி. வருஷத்தில் பல மாசம் வறண்ட நிலம், கொஞ்ச நாள் மழை. பிழைக்கணும்னா மண்ணுக்குள் போகணும். மண்ணுக்குள் போகணும்னா உருண்டை உடம்பும் குட்டைக் காலும் மம்பட்டிக் குதிகாலும் வேணும். மூணு இடத்தில் மூணு பேர் தனித்தனியா அதே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்காங்க. தச்சர் கை காய்ச்சிருக்கும், கொத்தனார் கையும் காய்ச்சிருக்கும். அதை வச்சு ரெண்டு பேரும் அண்ணன் தம்பின்னு சொல்லிட முடியாது.

28/ நிஜச் சொந்தம் யாரு தெரியுமா? நம்ம நெல் வயல் வரப்பில் கிரீச் கிரீச்னு கத்துதே சின்னத் தவளை, அதோட கூட்டம். மழையில் மஞ்சளாகிக் குதிக்கிற பெரிய தவளையும் இதே குடும்பம்தான், டைக்ரோகுளோசிடே. உருவத்தில் சம்பந்தமே இல்லாதவங்கதான் ரத்த உறவு. பக்கத்து வயலில் இருந்த சொந்தத்தை விட்டுட்டு ஆப்பிரிக்காவில் தேடியிருக்கோம்.

29/ சரி, பேரினம் முடிவாச்சு. அடுத்த சிக்கல் சிற்றினம். பாகிஸ்தான் முதல் மியான்மர் வரை குழித்தவளை எங்கே கிடைச்சாலும் "பிரெவிசெப்ஸ்"னு எழுதிக்கிட்டு இருந்தாங்க. 2017-ல் நீலேஷ் தஹனுகர், ஆனந்த் பாத்யே உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஜெர்டனின் புளுவியாலிஸ் உட்பட பழைய பெயர்களை ஒவ்வொண்ணா எடுத்து அலசினாங்க. கட்டுரை வந்தது கோயம்புத்தூரில் இருந்து வெளியாகிற ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸாவில். அதே 2017-ல் மேற்குப் பக்கத்துக் குழித்தவளைக்குப் பஷ்சிமான்னு தனிப் பெயர் கிடைச்சது. 2020-ல் பெங்களூர் புறநகர்த் தரிசு நிலத்தில் கிடைச்சதுக்குப் பெங்களூருன்னே பெயர்.

30/ இப்படிப் பிரிக்கும்போது பழைய பெயர் யாருக்குச் சொந்தம்? இங்கேதான் அந்த ஜாடி முக்கியம். முதன்முதலா விவரிச்ச அந்த ஒரு உடலோடதான் பெயர் கட்டப்பட்டிருக்கு. லேபில் கன்ட்ரோல் சாம்பிள் வைப்போமே, அது மாதிரி. அப்போ பிரெவிசெப்ஸ் யாரு? தரங்கம்பாடியில் இருந்து போன தவளையும், அதோட உண்மையான சொந்தக்காரங்களும்தான். உலகத்தில் எத்தனை புதுப் பெயர் வந்தாலும் இந்தப் பெயருக்கு முகவரி நம்ம காவிரிக் கடற்கரை.

31/ ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். கொஞ்சம் வித்தியாசம் தெரிஞ்சாலே புதுப் பெயர் வைக்கிறதும் ஆபத்து. எல்லாத் தும்மலுக்கும் புது நோய் கண்டுபிடிக்கிற டாக்டர் மாதிரி ஆயிடும். உடல் அளவு, கத்தற சத்தம், டி.என்.ஏ., பழைய ஜாடி நாலையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வரணும். அவசரமா வச்ச பெயர்களைத் திரும்ப வாங்கின வரலாறும் தவளை ஆராய்ச்சியில் நிறைய இருக்கு.

32/ "இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"ன்னு கேட்பீங்க. சொல்றேன். சர்வதேச சிவப்புப் பட்டியலில் பிரெவிசெப்ஸ் "கவலை குறைவு"ங்கற வரிசையில் இருக்கு. காரணம், பல நாட்டில் பரவின ஒரே தவளைன்னு எடுத்துக்கிட்டது. ஆனா அந்த ஒண்ணு நிஜத்தில் நாலு அஞ்சுன்னா? ஒவ்வொண்ணோட நிலப்பரப்பும் சுருங்கும். அதில் ஒண்ணு காலியானாலும், மொத்தக் கணக்கில் "கவலை குறைவு"ன்னுதான் தெரியும். வார்டின் சராசரி டெம்பரேச்சர் நார்மலா இருக்கும், மூணாம் கட்டில் நோயாளி 104-ல் கொதிச்சுக்கிட்டு இருப்பாங்க.

33/ இப்போ பெரியவர் சொன்னதைத் திரும்பக் கேளுங்க. "அப்பா காலத்துல சாலுக்கு ஒண்ணு, இப்ப வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு." அவர் சொன்னது மொத்தப் பிரெவிசெப்ஸ் கணக்கு இல்லை. அவர் மலை, அவர் காடு, அவர் சால். ஜவ்வாது மலைக்கும் தரங்கம்பாடிக்கும் நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர். ஒண்ணு கிழக்குத் தொடர்ச்சி மலைத் திட்டு, இன்னொண்ணு கடலோர மணல். ரெண்டிலும் இருக்கிறது ஒரே தவளைன்னு ஜாடையை மட்டும் வச்சுச் சொன்னா, ஜெர்டன் செஞ்சதைத்தான் நாமும் செய்யறோம்.

34/ அதே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கு. 1988-ல் அங்கிருந்து கண்டுபிடிச்ச ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன்னு பெயர். நம்ம மலையில் இருந்து, நம்ம ஆளுங்க பார்த்து, நம்ம ஆளு பெயரையே வச்சது. பெருமையான விஷயம். வானத்தை அவ்வளவு கவனமாப் பார்த்த மலையில், ஏர் சாலில் கிளம்பற தவளையையும் அதே கவனத்தோட ஒரு தடவை பார்த்துடலாம் இல்லையா?

35/ நீங்க என்ன செய்யலாம்? முதல் கனமழையில் உருண்டையா, குட்டைத் தலையா ஒரு தவளை தெரிஞ்சா மேலே இருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்க. கத்தினா அந்தச் சத்தத்தை ஃபோனில் பதிவு பண்ணுங்க. தேதி, ஊர் பெயரோட இந்தியப் பல்லுயிர் தளத்திலோ ஐநேச்சுரலிஸ்ட்டிலோ போடுங்க. பிடிக்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். கை பட்டா சோப்புப் போட்டுக் கழுவுங்க. மருந்துன்னு யாராவது தவளையைச் சொன்னா நம்பாதீங்க.

36/ முக்கியமா, வீட்டில், ஊரில் வயசானவங்ககிட்ட கேளுங்க. உங்க பக்கம் மண்ணுக்குள் இருக்கிற தவளைக்கு என்ன பெயர், எப்போ வரும், முன்னாடி எவ்வளவு இருந்தது, இப்போ எவ்வளவு. கமென்ட்டில் ஊர் பெயரோட எழுதுங்க. இதுவும் ஒரு பதிவுதான். நோயாளி சொல்ற கதையைக் காது கொடுத்துக் கேட்டாலே பாதி நோயைக் கண்டுபிடிச்சுடலாம்னு எங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பாங்க.

37/ அந்தப் பொண்ணு அஞ்சாம் நாள் வீட்டுக்குக் கிளம்பினா. பெரியவர் ஒரு சின்னப் பையில் சாமை அரிசி கொண்டுவந்து கொடுத்தார். "தவளை மறுபடி வந்துச்சா டாக்டரம்மா?"ன்னு கேட்டார். நான் இல்லைன்னேன். "அடுத்த மழைக்கு வரும். அங்கதான் இருக்கும், எங்கயும் போயிருக்காது"ன்னு வராந்தா ஓரத்தைக் காட்டினார். அதுக்குள்ள எனக்கு மாற்றல் வந்துடுச்சு. அடுத்த மழையை அந்த வராந்தாவில் இருந்து பார்க்கிற வாய்ப்பு எனக்குக் கிடைக்கலை.

38/ இப்போ அந்தப் பக்கம் இருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, ஒரு மழை ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டு வெளியே போய்ப் பாருங்க. இருந்தா ஒரு படம் அனுப்புங்க. இல்லைன்னாலும் சொல்லுங்க. இல்லைங்கறதும் ஒரு ரிசல்ட்தான்.